தொப்பையன் டொலேடோ போன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபரில் வேலை விஷயமாக மாட்ரிட் போயிருந்தேன். நடுவில் கிடைத்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஸ்பெயினின் பழைய தலைநகரமான டொலேடோவுக்குப் போய் வந்தேன். கூட வந்தது அண்ணன் மகளின் துணி யானை. அந்தப் படங்களைக் குடும்பக் குழுவில் போட்ட நாளிலிருந்து சித்தி, மாமா, அலுவலகத் தோழிகள் என்று ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

யார் இந்தத் தொப்பையன்?

அம்மா கையால் தைத்த யானை. உட்கார்ந்தால் ஒரு ஜாண் உயரம். உடம்பு சாம்பல் நிறத் துணி, வயிறு முட்ட இலவம்பஞ்சு. இடது காது மட்டும் சிவப்புச் சுங்குடி. முதலில் இருந்த காதைப் பக்கத்து வீட்டு நாய் பிய்த்துவிட்டது. அம்மா தன் பழைய சேலையில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுப்போட்டார். உற்றுப் பார்த்தால் அந்தக் காதில் வெள்ளைப் புள்ளிகள் பதினொன்று இருக்கும். எண்ணிச் சொன்னது அண்ணன் மகள். அவளுக்கு ஆறு வயது.

பொம்மையை ஏன் கூட்டிக்கொண்டு போனீர்கள்?

அவளே அனுப்பினாள். "நான்தான் வர முடியாது, இவன் வரட்டும் அத்தை" என்று பெட்டியில் வைத்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டாள். அவனைப் பைக்குள் போட்டு மூடக் கூடாது. அவன் என்ன பார்த்தான் என்று தினமும் ராத்திரி சொல்ல வேண்டும். அவனைப் போல யாராவது அந்த ஊரில் இருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். டொலேடோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இந்த மூன்றாவது நிபந்தனைதான்.

பார்சிலோனா, கிரனாடா எல்லாம் இருக்க, ஏன் டொலேடோ?

அங்கே ஒரு பொம்மையின் பெயரில் தெரு இருக்கிறது. பெரிய தேவாலயத்தை ஒட்டிப் போகும் நெருக்கமான கடைத்தெரு அது. பெயர் 'ஓம்ப்ரே தே பாலோ'. நம் மொழியில் சொன்னால் மர மனிதன் தெரு. யானைக்கு ஒரு உறவுக்காரரைத் தேடிப் போகிறவளுக்கு இதைவிட நல்ல முகவரி கிடைக்குமா?

அந்த மர மனிதன் யார்? நிஜமாகவே நடந்தானா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அந்த ஊரில் மனதைப் பறிகொடுத்தது இந்தக் கதையில்தான்.

ஹுவானெலோ துர்ரியானோ என்று ஒரு கடிகாரக் கைவினைஞர். இத்தாலியின் கிரெமோனா ஊர்க்காரர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்குக் கிரகங்களின் ஓட்டத்தைக் காட்டும் கடிகாரம் செய்துகொடுத்தவர். சார்லஸ் முடி துறந்து யூஸ்தே மடத்துக்குப் போய் ஒதுங்கியபோதும் அவருடன் இருந்தார். பிறகு அடுத்த அரசர் இரண்டாம் ஃபிலிப்பிடம் வேலை.

டொலேடோ குன்றின் மேல் இருக்கிற ஊர். மூன்று பக்கமும் தாஹோ ஆறு சுற்றி ஓடுகிறது, ஆனால் தண்ணீர் எங்கோ கிடுகிடு பள்ளத்தில். அந்தக் காலத்தில் குடிக்கிற தண்ணீர் பெரும்பாலும் கழுதை முதுகில்தான் ஏறி வர வேண்டும். ஆற்றிலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் அல்காசர் கோட்டைக்கு இயந்திரத்தால் தண்ணீர் ஏற்றிக் காட்டுகிறேன் என்றார் துர்ரியானோ. 1569 வாக்கில் ஏற்றியும் காட்டினார். ஆற்றின் ஓட்டத்தில் சக்கரம் சுழலும். அந்த விசையில் கரண்டி போன்ற பாத்திரங்கள் வரிசையாக ஆடி, ஒன்று தன் தண்ணீரை அடுத்ததில் ஊற்ற, அது அதற்கு மேலே இருப்பதில் ஊற்ற, அப்படியே மேடேறும் என்று அதை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். மனிதன் கை படாமல் தானே ஏற்றம் இறைத்தது போல.

தண்ணீர் ஏறியது, பணம் இறங்கவில்லை. கோட்டைக்குள் போன தண்ணீர் அரசருக்கே போய்விட்டது, எங்களுக்கு ஒரு சொட்டும் வரவில்லை, நாங்கள் எதற்குக் காசு கொடுப்பது என்றது நகரசபை. அடுத்து ஊருக்கென்றே இன்னோர் இயந்திரம் கட்டினார். அதைப் பராமரிக்கிற செலவும் அவர் தலையில் விழுந்தது. 1585இல் வறுமையில் இறந்தார்.

மர மனிதன் வருவது இந்த இடத்தில். கையில் காசில்லாத அந்தக் கிழவர் மரத்தில் ஒரு ஆள் செய்தாராம். அது தினமும் தெருவில் நடந்து போய் எதிரே வருகிறவர்களிடம் கை நீட்டுமாம், கிடைத்ததை அவருக்குக் கொண்டுவந்து கொடுக்குமாம். இது ஊர்க்கதை. நீர் ஏற்றும் இயந்திரத்துக்கு ஆவணங்கள் இருப்பது போல இதற்கு இல்லை. ஆனால் தெருவின் பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது. அரசருக்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு ஊர் கொடுக்காத கூலியை ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்தது என்றுதான் மக்கள் இந்தக் கதையை நினைவில் வைத்திருக்கிறார்கள். தெருப்பெயர் எழுதிய பலகைக்குக் கீழே தொப்பையனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஊர்ப் பெயர் டொலேடோவா, தொலேதோவா?

அவர்கள் வாயில் தொலேதோ என்றுதான் வருகிறது. நாம் எழுதிப் பழகியது டொலேடோ. ரயில் நிலையத்தில் டொலேடோ என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

மாட்ரிடிலிருந்து எப்படிப் போவது?

எழுபது கிலோமீட்டர்தான். அடோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வார இறுதியில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்துவிடுங்கள். பேருந்தும் உண்டு, நேரம் கூடுதல்.

இறங்கினதும் ஓடிவிடாதீர்கள். ரயில் நிலையமே பார்க்க வேண்டிய கட்டடம். இஸ்லாமியக் கட்டடக்கலை கலந்த பழைய முதேஹார் பாணியில், குதிரை லாட வளைவுகளும் வண்ணக் கண்ணாடியும் வைத்து 1919இல் திறந்தது. தொப்பையனின் முதல் படம் அங்கே டிக்கெட் கூடத்தில் எடுத்ததுதான்.

பாதுகாப்புச் சோதனையில் பொம்மையை என்ன செய்தார்கள்?

விமான நிலையத்தில் பையோடு பையாகப் போய்விட்டான். அடோச்சாவில் அந்த ரயிலுக்கும் பைகளை எக்ஸ்ரே பெட்டிக்குள் அனுப்புகிறார்கள். பைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்த தொப்பையனைப் பார்த்ததும் காவலர் அம்மா ஒரு தனித் தட்டு எடுத்தார், அவனை அதில் உட்கார வைத்துத் தும்பிக்கையை முன்பக்கம் திருப்பி அனுப்பினார். திரையில் பார்த்தால் வயிற்றுக்குள் ஒன்றுமே இல்லை. பஞ்சு தெரியாதல்லவா! "பசியோடு இருக்கிறான், சாப்பாடு வாங்கிக்கொடுங்கள்" என்று சைகையில் காட்டினார். அன்று ராத்திரி அண்ணன் மகள் இதை நான்கு முறை சொல்லச் சொன்னாள்.

முதலில் எங்கே போனான்?

அல்காந்தரா பாலம். அல்-கந்தரா என்றால் அரபியில் பாலம் என்றே பொருள், ஆகவே இது பாலப்பாலம். நம் ஊரில் நடுசென்டர் என்கிறோமே, அப்படி. பாலத்தைக் கடந்து மேடேறினால் சோகோதோவேர் சதுக்கம். இந்தப் பெயரும் அரபியிலிருந்து வந்ததுதான்: கால்நடைச் சந்தை. குதிரையும் கோவேறு கழுதையும் விலை பேசிய இடத்தில் இப்போது காபிக்கடை நாற்காலிகள். ஒரு யானை போய் இறங்குவதற்குச் சரியான இடம் என்று அவனை நடு மேசையில் உட்கார வைத்தேன். பரிமாறுகிறவர் காபியைக் கொண்டுவந்து தொப்பையன் முன்னால் வைத்துவிட்டு, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

பெரிய தேவாலயத்துக்குள் பொம்மையை விட்டார்களா?

என்னை யாரும் தடுக்கவில்லை. நானும் ஒழுங்காக இருந்தேன். அது வழிபடுகிற இடம். கல்லறை மேலோ பலிபீடத்தின் மேலோ பொம்மையை வைத்துப் படம் எடுக்கக் கூடாது. தோள்பையில் தலை மட்டும் தெரிய வைத்துக்கொண்டு நடந்தேன்.

1226இல் தொடங்கி 1493 வரை கட்டின கோயில். ஒரே மூச்சில் பார்த்துத் தீராது. ஆறு வயதுக் குழந்தைக்கு எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்ததால், வழிகாட்டிப் புத்தகத்தை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கத் தொடங்கினேன். உத்தரத்திலிருந்து சிவப்புத் தொப்பிகள் தொங்குகின்றன! கத்தோலிக்கத் திருச்சபையின் மூத்த தலைவர்களான கார்டினல்களின் தொப்பிகள். ஒருவர் இறந்தால் அவர் கல்லறைக்கு நேர் மேலே அவருடைய தொப்பியைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இற்று விழும்வரை யாரும் தொடுவதில்லை. சிலது நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என் தோளைத் தட்டி, தொப்பியைக் காட்டி, தொப்பையன் தலையைக் காட்டிச் சிரித்தார். அவனுக்கு ஒரு தொப்பி வேண்டுமாம்.

பலிபீடத்துக்குப் பின்னால் போனால் 'டிரான்ஸ்பரென்டே'. நார்சிசோ தோமே என்ற சிற்பி 1732இல் முடித்தது. இருட்டான மூலைக்கு வெளிச்சம் வேண்டுமென்று கூரை வளைவையே அறுத்துத் திறந்திருக்கிறார். அந்தத் திறப்பு வழியாக வெயில் சாய்ந்து வந்து பளிங்குத் தேவதைகள் மேல் விழுகிறது. நான் போனபோது மேகம் விலகியது. சாம்பல் நிறமாக இருந்த சுவர் கண்ணெதிரே பொன்னிறமானது.

கோபுரத்தில் ஒரு மணி இருக்கிறது. பெயர் 'கோர்தா', அதாவது குண்டம்மா. 1753இல் வார்த்தது, சுமார் பதினேழு டன் எடை. விரிசல் விட்டுப் போனதால் அதன் முழுக்குரலைக் கேட்க வழியில்லை. தொப்பையனும் குண்டம்மாவும் சேர்ந்து ஒரு படம் எடுத்தோம். குடும்பக் குழுவில் அதிகம் பேர் விரும்பியது அதைத்தான்.

எல் கிரேக்கோ ஓவியம் பார்த்தானா? படம் போடவே இல்லையே?

பார்த்தான். சான்டோ தோமே தேவாலயத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால்தான் போடவில்லை. எல் கிரேக்கோ கிரீட் தீவில் பிறந்தவர், 1577இல் டொலேடோ வந்து 1614இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' என்ற ஓவியத்தை 1586க்கும் 1588க்கும் நடுவில் வரைந்தார். எந்தத் தேவாலயத்துக்காக வரைந்தாரோ அதே தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது.

பிரபுவை அடக்கம் செய்யும்போது இரண்டு புனிதர்கள் வானத்திலிருந்து இறங்கிவந்து உடலைத் தாங்கினார்களாம். பெரியவர்கள் மேலே சொர்க்கத்தையும் கீழே பொன்னாடைகளையும் பார்ப்பார்கள். தொப்பையன் உயரத்துக்கு நேரே இருந்தவன் ஒரு சின்னப் பையன். இடது ஓரம், கையில் தீப்பந்தம், இன்னொரு கையால் பிரபுவைச் சுட்டிக்காட்டியபடி நம்மையே பார்க்கிறான். ஓவியரின் மகன் ஹோர்ஹே மனுவேல். அவன் சட்டைப்பையில் ஒரு கைக்குட்டை எட்டிப்பார்க்கிறது. அதில் ஓவியரின் கையெழுத்தும் 1578 என்ற ஆண்டும், பையன் பிறந்த வருடம். அத்தனை பிரபுக்கள் நடுவில் அப்பா தன் பெயரைப் போய் எழுதியது பிள்ளையின் கைக்குட்டையில்.

என்ன சாப்பிட்டான்?

மசாபான். பாதாமையும் சர்க்கரையையும் அரைத்துப் பிசைந்து, பறவை, மீன், நத்தை என்று பிடித்து, மேலே லேசாகச் சிவக்கச் சுடுகிறார்கள். டொலேடோ மசாபான் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் பாதிக்குக் குறையாமல் பாதாம் இருக்க வேண்டும். நம் பாதாம் பர்பியின் நெருங்கிய சொந்தம், நெய் மட்டும் கிடையாது. கன்னிமாடங்களிலும் செய்து விற்கிறார்கள். 1212 போர்க்காலத்தில் கோதுமை இல்லாமல் போக, கையிலிருந்த பாதாமையும் சர்க்கரையையும் இடித்து ரொட்டி மாதிரி பிடித்துக் கன்னியர் பசியாற்றினார்கள் என்று ஒரு கதை சொல்லுகிறார்கள். விலாங்கு மீன் போல வட்டமாகச் சுருண்ட ஒரு மசாபான் இருந்தது, செதிள் செதிளாக, கண் வைத்து. யானை உருவம் எந்தக் கடையிலும் இல்லை. மூன்று கடை ஏறி இறங்கினேன்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். மஞ்சேகோ பாலாடைக்கட்டி, காய்கறி வதக்கல் போன்ற 'பிஸ்தோ', முட்டை சாப்பிடுவீர்களென்றால் உருளைக்கிழங்கு அடை. 'கர்கமூசாஸ்' என்று உள்ளூர்ச் சிறப்பு ஒன்றைச் சொல்வார்கள், அது பன்றி இறைச்சி. கேட்டு வாங்குங்கள்.

தொலைந்துவிட்டானாமே?

ஆமாம். இதை அண்ணியிடம் மட்டும் முதலில் சொல்லியிருந்தேன், அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

டொலேடோ வாளுக்குப் பேர்போன ஊர். அதோடு இன்னொரு கைவேலை: எஃகின் மேல் பொற்கம்பி பதித்து, பிறகு எஃகைக் கறுக்க வைப்பது. ஒரு பட்டறை வாசலில் ஒருவர் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார். எஃகுத் தகட்டை முதலில் கூரிய உளியால் கீறிக் கீறிச் சொரசொரப்பாக்கிக்கொள்கிறார். தலைமுடி போன்ற தங்க இழையை அதன் மேல் வைத்து, இடுக்கியால் வளைத்து, சின்னச் சுத்தியால் டிக்டிக்டிக் என்று தட்டுகிறார். கீறலின் பற்கள் இழையைக் கவ்விக்கொள்கின்றன. பசை, பற்றவைப்பு எதுவும் இல்லை. ஒரு இலை முடிய அரை மணி நேரம் ஆனது. நான் நகரவில்லை.

பிறகு பை கனமில்லாமல் இருப்பது போலத் தோன்றித் திரும்பிப் பார்த்தால், தொப்பையன் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வந்த சந்தெல்லாம் திரும்ப நடந்தேன். டொலேடோ சந்துகள் ஒன்றைப்போல ஒன்று, கை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். கடைசியில் முன்பே நுழைந்திருந்த ஒரு வாள் கடையின் கண்ணாடிக்குள் அவன் இருந்தான். பொம்மைத் தலைக்கவசம் ஒன்று தலையில், காகிதம் வெட்டும் குட்டி வாள் ஒன்று தும்பிக்கையில். வாசலில் நாலைந்து சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, படைத்தலைவரை ஒப்படைப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தார். அந்தக் குட்டி வாளை வாங்கிக்கொண்டேன். நீங்களும் வாங்கினால், விமானத்தில் கையில் எடுத்துப்போகும் பையில் வைக்காதீர்கள். சரக்கில் போடும் பெட்டிக்குள் வையுங்கள்.

டொலேடோவில் யானைக்கு என்ன வேலை?

மாமா கேட்டது. கேலியாகத்தான் கேட்டார், ஆனால் நல்ல கேள்வி.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரபி நூல்களை லத்தீனுக்கு மாற்றிய ஊர் இது. பழங்காலக் கிரேக்க அறிஞர் டாலமியின் வானியல் நூலை இங்கே மொழிபெயர்த்தவர் கிரெமோனா ஜெரார்டு. நம் துர்ரியானோவுக்கு நாலு நூற்றாண்டு முந்திய அதே ஊர்க்காரர்! பின்னால் டொலேடோவில் பிறந்த அல்போன்சோ, பத்தாம் அல்போன்சோ என்று அரசராகும் முன்பே, 1251இல் ஒரு கதைத் தொகுப்பை அரபியிலிருந்து காஸ்டிலிய மொழிக்கு, அதாவது பழைய ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவரச் செய்தார். பெயர் கலீலா, திம்னா. அந்த இருவர் வேறு யாருமில்லை, நம் பஞ்சதந்திரத்தின் கரடகன், தமனகன் என்ற நரிகள்தான். சமஸ்கிருதத்திலிருந்து பாரசீகம், அங்கிருந்து அரபி, அங்கிருந்து ஸ்பெயின். குளத்தில் ஆடும் நிலவைக் காட்டி முயல் யானையை ஏமாற்றுமே, அந்த யானையும் இந்தத் தொகுப்போடு போயிருக்கிறது. தொப்பையன் போனது எழுநூற்று எழுபது வருடம் கழித்து.

வேறு பொம்மைகள் உண்டா?

கார்பஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்கத் திருவிழா வாரத்தில் போக முடிந்தால் போங்கள். இரண்டாள் உயர ராட்சதப் பொம்மைகள் தெருவில் ஆடி வரும். கூடவே 'தராஸ்கா' என்ற பறக்கும் பாம்பு, அதன் முதுகில் இங்கிலாந்து அரசி ஆன் போலின் பெயரில் ஒரு சின்னப் பொம்மை. நான் போனது அக்டோபர், எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அண்ணன் மகள் அடுத்த முறை ஜூனில்தான் என்று முடிவு செய்துவிட்டாள். அவளும் வருவாளாம்.

பெரியவர் ஒருவர் பொம்மையோடு சுற்றினால் சிரிக்க மாட்டார்களா?

சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் பேசவும் வந்தார்கள். தனியாகப் பல ஊர் போயிருக்கிறேன்; வழி கேட்கத் தவிர யாரிடமும் வாய் திறந்ததில்லை. இந்த இரண்டு நாளில் அவன் பெயரைச் சொல்லிக்கொடுத்தே எத்தனை பேரிடம் பேசியிருப்பேன்! "தோப்பாயான்" என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் கூப்பிட்டுக்கொண்டே சந்து முனை வரை வந்தான்.

படம் எப்படி எடுத்தீர்கள்?

கைபேசியைத் தரையோடு பிடித்து. பொம்மையின் கண்மட்டத்துக்கு நீங்கள் இறங்க வேண்டும். அப்படி இறங்கியதால்தான் சான்டா மரியா லா பிளாங்காவில், பழைய யூத ஜெபக்கூடம் அது, வெள்ளைத் தூண்களும் லாட வளைவுகளும் ஒரு தோப்பு மாதிரித் தெரிந்தன. நின்று பார்த்தபோது மண்டபம்தான்.

ஆற்றுக்கு எதிர்க்கரை மேட்டிலிருந்து ஊர் முழுதும் ஒரே படத்தில் வரும். அங்கே காற்று பலமாக அடிக்கும். பொம்மையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே எடுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்? எந்த மாதம்?

ஒரு ராத்திரியாவது தங்குங்கள். பகல் கூட்டம் மாலை ரயிலில் போய்விடும், பிறகு ஊர் உங்களுடையது. வெயில் காலம் நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்குக் குறையாது. வசந்தமும் இலையுதிர் காலமும் நல்லது. வழியெல்லாம் உருண்டைக்கல், நல்ல செருப்பு முக்கியம். முழங்கால் வலி இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம்: பிசாக்ரா வாயில் பக்கம் நகரும் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள், மேடு ஏறிவிடலாம்.

திரும்பி வந்ததும் குட்டி என்ன சொன்னாள்?

முதலில் முகர்ந்து பார்த்தாள். பாதாம் வாசனை அடிக்கிறது என்றாள். காதுப் புள்ளிகளை எண்ணினாள், பதினொன்றும் இருந்தன. மர மனிதன் கதையைச் சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும், "அந்தத் தாத்தா செத்துப்போன அப்புறம் அவன் யாருகிட்ட காசு கொண்டுபோய்க் கொடுத்தான் அத்தை?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவள் தொப்பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவன் தும்பிக்கையிலிருந்த குட்டி வாளை மெதுவாக உருவி என்னிடம் கொடுத்தாள். பிறகு அலமாரியில் அவன் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் ஒதுக்கினாள்.